கடை வாசலில் முன் தண்டு

ஆகஸ்ட் 18, செவ்வாய்

எழுதவே கூச்சமாகத்தான் இருக்கிறது. இன்றைக்கு இந்த ஜப்பான் ஊர்க் கோயிலில் கை கழுவுகிற தண்ணீரைத் தீர்த்தம் என்று குடித்துவிட்டேன். ஒரு தடவை இல்லை, முறைப்படி மூன்று தடவை. மிச்சத்தைத் தலையிலும் தடவிக்கொண்டேன்.

தப்பு முழுக்க என் மேல் இல்லை. வாசலில் கல்தொட்டி, அதில் மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர், பக்கத்தில் நீளக் கைப்பிடி வைத்த கரண்டிகள் வரிசையாக. இதைப் பார்த்துக் கையைக் குவிக்காதவன் பெருமாள் கோயில் பக்கமே போகாதவனாகத்தான் இருப்பான். பின்னால் வந்த அம்மாள் அதே தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்து ஓரமாகத் துப்பினாள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

நான் வேலை பார்க்கிற தோசைக்கடையின் முதலாளி ஜெயசீலன் ஓடி வந்தான். தூத்துக்குடிப் பையன், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவன்.

“அண்ணாச்சி, அது கை கழுவுத தண்ணி! குடிச்சிட்டீயளா?”

“குடிச்சேன் தம்பி. துளசி போட மறந்துட்டாங்கன்னு நெனச்சேன்.”

மற்றபடி கோயில் நன்றாக இருந்தது. வாசலில் சிவப்பாக இரண்டு தூண், மேலே குறுக்கே இரண்டு சட்டம், கதவு கிடையாது. தோரி என்று பெயர். நடுவில் நடக்கக் கூடாது, நடு வழி சாமிக்கு. ஓரமாகப் போய் இரண்டு தடவை குனிந்து, இரண்டு தடவை கை தட்டி, மறுபடி குனிய வேண்டும். நம் ஊரில் சண்டிகேஸ்வரர் முன்னால் மட்டும்தான் கை தட்டுவோம். இந்த ஊர்ச் சாமி அத்தனை பேரும் சண்டிகேஸ்வரர்கள் போலிருக்கிறது.

போன காரணம் வேறு. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை இந்தச் சாமி பல்லக்கில் ஏறித் தெருவெல்லாம் சுற்றி வரும். போன தடவை நம் கடை இந்தத் தெருவுக்கு வந்திருக்கவில்லை. செப்டம்பர் இருபது. தெருவில் கடைக்கு ஒரு தோள் அனுப்ப வேண்டுமாம். ஜெயசீலனுக்கு இடுப்பு வலி. “நீங்க போறீயளா அண்ணாச்சி?” என்று பயந்துகொண்டே கேட்டான்.

சிரிப்பு வந்தது. நான் யார் என்று அவனுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 19, புதன்

இந்த நோட்டு ஜப்பான் வார்த்தைகள் எழுதிப் பழக ஜெயசீலன் கொடுத்தது. முதல் பக்கத்தில் மூன்று வார்த்தை இருக்கிறது, அதில் ஒன்று தப்பு. அஞ்சாங்கிளாஸோடு நின்ற எனக்கு இதற்கு மேல் என்ன. மீதிப் பக்கம் வீணாகப் போகாமல் நான் எழுதுகிறேன்.

நான் சாரங்கபாணி. இங்கே தோசை மாஸ்டர். மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு நாங்கள் சீர்பாதம், அதாவது பல்லக்குத் தூக்குகிற குடும்பம். தண்டு என்றால் பல்லக்கைத் தாங்குகிற நீளக் கட்டை. முன் தண்டு என் கூடப் பிறந்த கோதண்டம் அண்ணன், அவருக்குப் பின்னால் நான். இரண்டு பேர் தோளும் ஒரே மட்டம். தச்சன் அளந்து அறுத்த மாதிரி.

நாலு வருஷத்துக்கு முன்னால் இங்கே வேலைக்குக் கிளம்பியபோது, கோயில் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் அண்ணன் சொன்னார்: “கடல் தாண்டுறவன் இனிமே தண்டைத் தொடப்படாது.”

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் இல்லையே. “பெருமாளே கடல்லதான் படுத்திருக்காரு. அவருக்கு இல்லாத தீட்டா எனக்கு?” என்றேன். மண்டபமே சிரித்தது. பட்டாச்சாரியார்கூடச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷம் முன்னால் லீவில் போனபோது, என்னைப் பார்த்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அவரிடம் மாடு கிடையாது.

ஆகவே செப்டம்பர் இருபதில் நான் சாமி தூக்குவேன். ஜெயசீலன் போனில் வீடியோ எடுப்பான். அது மன்னார்குடிக்குப் போகும். கடல் தாண்டியவன் தோளில் கடலுக்கு இந்தப் பக்கத்துச் சாமி உட்கார்ந்திருக்கிறதை அண்ணன் கண் குளிரப் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

இன்று முதல் ஒத்திகை. வெறுத்துப்போனேன்.

தூக்குகிறவர்களுக்குத் தலைவி அரிசிக்கடை மிட்சுகோ-சான். சான் என்பது இங்கே மரியாதைக்கு. அறுபது வயது இருக்கும். நம் கடைக்கு அரிசி அவளிடம்தான். மூன்று வருஷமாகச் சிரிக்க வைக்கப் பார்க்கிறேன், பல் தெரிந்ததில்லை. தன் கிடங்கு முற்றத்தில் இரண்டு தண்டுகளை வைத்து நடுவே அரிசி மூட்டைகளைக் கட்டியிருந்தாள். அதுதான் சாமி. முடி வெட்டுகிற சுகியாமா, நாலு காலேஜ் பையன்கள், நான். துண்டை மடித்துத் தோளில் போட்டுத் தண்டுக்குக் கீழே நுழைந்தேன். நாலு வருஷத்துக்கு அப்புறம் தோளில் பாரம் உட்கார்ந்ததும், பழைய செருப்பில் கால் நுழைகிற மாதிரி இருந்தது.

நடந்தேன். குதிகாலை முதலில் ஊன்றி, முழங்காலைத் தளர விட்டு, மெதுவாக. சாமி அசையக் கூடாது, மாலையில் ஒரு பூ உதிரக் கூடாது. அப்படித்தான் எங்கள் நடை.

மிட்சுகோ கையில் வைத்திருந்த இரண்டு மரக்கட்டைகளைப் பட்டென்று தட்டி நிறுத்தினாள். ஏதோ கத்தினாள். ஜெயசீலன் மொழிபெயர்த்தான்.

“இவரு என்ன, பொணம் தூக்குத மாதிரி நடக்காருன்னு கேக்காங்க. நான் சொல்லல அண்ணாச்சி, அவங்க சொல்லுதாங்க.”

“எப்படி நடக்கணுமாம்?”

“குலுக்கணுமாம்.”

“சாமியையா?”

“நல்லா மேலயும் கீழயும் குலுக்கணும். வஷ்ஷோய் வஷ்ஷோய்னு கத்தணும். மூணு வருசமா ஒரே எடத்துல உக்காந்திருக்கு, குலுக்குனாத்தான் சாமிக்குத் தெம்பு ஏறும், தெருவுல உள்ள பீடையெல்லாம் உதிரும்னு சொல்லுதாங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் வாங்கினேன். மூட்டை மேல் வைத்தேன். பையன்களுக்கு நடையைக் காட்டிக்கொடுத்து முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பையன்கள் கை தட்டினார்கள். சுகியாமா கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மிட்சுகோ அந்தத் தண்ணீரை எடுத்துச் செடிக்கு ஊற்றினாள்.

“நல்லாத்தான் இருக்கு, ஆனா சாமி தூங்கிரும்னு சொல்லுதாங்க.”

“எங்க சாமி தூங்குறதுக்கே பேர் போனவருன்னு சொல்லு.”

“அதை எப்படி அண்ணாச்சி ஜப்பான்ல சொல்லுவேன்?”

ஜெயசீலன் வாய் வழியாகவே கேட்டுக் கேட்டு, மிட்சுகோ என் காதில் தூத்துக்குடிக்காரியாகவே ஆகிவிட்டாள்.

ஆகஸ்ட் 26, புதன்

வலது தோளைத் தூக்க முடியவில்லை. தோசையை இடது கையால் ஊற்றினேன். ஒரு வாடிக்கையாளர் இந்தியா வரைபடம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

வாசல் துணிப் பந்தலைத் தாங்குகிற குறுக்குக் கம்பியின் கொக்கி ஆடுகிறது. ஜெயசீலனிடம் சொன்னேன். பார்க்கிறேன் என்றான்.

ஆகஸ்ட் 29, சனி

கூட்டமான நேரத்தில் அண்ணன் மகன் சௌரி போன் செய்தான்.

“சித்தப்பா, அப்பா ஒங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணுங்குறாங்க.”

“நாலு வருஷமா இல்லாத வார்த்தை இப்ப எங்கேருந்துடா வந்துச்சு?”

“கேலி பண்ணாதீங்க சித்தப்பா. ஒடம்பு அவ்வளவு நல்லா இல்ல. இங்கதான் இருக்காங்க, குடுக்கட்டுமா?”

கல்லில் நாலு தோசை. சட்னி தீர்ந்துவிட்டது என்று ஜெயசீலன் கத்துகிறான். “அப்புறம் கூப்பிடுறேன்” என்று வைத்துவிட்டேன். கடை நேரத்தில் பேசினால் எந்த முதலாளிக்குத்தான் பிடிக்கும்.

ஜெயசீலன் பேசச் சொன்னான்தான். அது வேறு.

அண்ணனுக்கு உடம்பு எப்போதும் அப்படித்தான். சளி பிடித்தால் ஊர் முழுக்கத் தெரிய வேண்டும்.

செப்டம்பர் 1, செவ்வாய்

ஒத்திகை. குலுக்கல். குடல் இடம் மாறிவிட்டது.

உடுப்புக் கொடுத்தார்கள். முட்டி வரை வருகிற நீல அங்கி, முதுகில் தெருவின் பெயர். அது பரவாயில்லை. கீழே ஒரு வெள்ளை அரை நிஜார், அது சுகியாமா அளவுக்குத் தைத்தது. அவர் என் மார்பு உயரம். கட்டை விரலுக்குத் தனியறை வைத்துத் தைத்த ஒரு செருப்பு. கண்ணாடியில் பார்த்தேன். சாமி பயந்து இறங்கி ஓடாமல் இருக்க வேண்டும்.

மிட்சுகோவிடம், பல்லக்கில் வைக்கிற பெட்டிக்குள் என்ன விக்கிரகம் என்று கேட்கச் சொன்னேன்.

“யாரும் பார்த்தது இல்லையாம்.”

“அவங்களும் பார்த்ததில்லையா?”

“திருவிழாவுக்கு மொத நாள் ராத்திரி, வெளக்கையெல்லாம் அணைச்சிட்டுப் பூசாரி சாமியப் பெட்டிக்குள்ள கொண்டாந்து விடுவாராம். பார்க்கக் கூடாது, கேக்கவும் கூடாதுன்னு சொல்லுதாங்க.”

எங்கள் ஊரில் சாமியைப் பார்க்கத்தான் திருவிழா. அரை அடி திரை விலகவில்லை என்றால் பட்டாச்சாரியாரிடம் சண்டைக்குப் போவார்கள். இங்கே தெரு முழுக்கக் கூடி நின்று ஒரு பூட்டிய பெட்டியைக் கும்பிடுகிறது. இதில் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தப் பெட்டி பேச்சு வந்ததும் முடிவெட்டுகிற சுகியாமாகூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அது பிடித்திருந்தது.

செப்டம்பர் 5, சனி

அண்ணன் நம்பரிலிருந்தே இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறது. வீடியோவில். அவருக்கு அதை எப்படி அமுக்குவது என்றுகூடத் தெரியாது, சௌரிதான் அமுக்கியிருப்பான். நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கூப்பிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். பிறகு யோசித்தேன். இப்போது என்ன பேசுவது? சாமி தூக்குகிற வீடியோ இல்லாமல் வெறும் கையோடு போய் நிற்க முடியுமா? இருபதாம் தேதி முடியட்டும். முதலில் அதை அனுப்புவேன், பார்க்கட்டும், அப்புறம் அவரே கூப்பிடுவார். அப்போது என்ன சொல்ல வேண்டும் என்று ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். நல்ல கேலி. இங்கே எழுதினால் ருசி போய்விடும்.

செப்டம்பர் 8, செவ்வாய்

கிடைத்துவிட்டது!

இன்று மிட்சுகோ எல்லார் தோளையும் ஒரு குச்சியால் அளந்து வரிசைப்படுத்தினாள். நான் உயரம் என்று நடுவில் தள்ளிவிட்டாள். இரண்டு வாரமாகக் குலுங்கியதற்கு நடு வரிசையா? முன்னால் இருப்பவன் முதுகைத்தான் வீடியோவில் அனுப்ப வேண்டும். நான் கையைக் காலை ஆட்டி முன் தண்டைக் காட்டினேன். அவள் “தமே” என்றாள். கூடாது என்று அர்த்தம். என் நோட்டில் உள்ள மூன்று வார்த்தையில் அதுவும் ஒன்று. அது சரியான வார்த்தை.

நான் விடவில்லை. ஜெயசீலனை விட்டு அண்ணன் கதையைச் சொல்லச் சொன்னேன், கடல் தாண்டிய கதையை. அவன் பாதி சொல்லும்போதே அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு கேட்டாள்.

“ஒங்க அண்ணன் தோளும் ஒங்க தோளும் ஒரே மட்டமான்னு கேக்காங்க.”

“ஆமான்னு சொல்லு.”

குச்சியை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். அப்புறம் சொன்னாள்: சாமி எந்தக் கடையைத் தாண்டுகிறதோ, அந்தக் கடைக்காரன் தன் வாசலில் மட்டும் முன் தண்டு பிடிக்கலாம். பழைய வழக்கம். இப்போது யாரும் கேட்பதில்லை, அதனால் விட்டுப்போயிருந்தது. நம் கடை வாசல் ஐம்பது அடிகூட இருக்காது. போதும். வீடியோவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

பந்தல் கொக்கி இன்னும் ஆடுகிறது. சொன்னேன். திருவிழா முடியட்டும் என்கிறான் ஜெயசீலன். எங்கள் ஏணியை வேறு, விளக்குக் கட்ட வேண்டும் என்று மிட்சுகோ வாங்கிப் போய்விட்டாள்.

செப்டம்பர் 12, சனி

காலையில் சௌரி கூப்பிட்டான். அண்ணன் போய்விட்டார்.

“சாயந்தரமே எடுக்குறோம் சித்தப்பா. நீங்க வந்து சேர நாளாயிடும்.”

திங்களன்று, அதாவது இருபத்தொன்றுக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்விடலாம்.

மதியம் மாவு அரைத்தேன். உளுந்து சரியாகப் பொங்கவில்லை.

செப்டம்பர் 13, ஞாயிறு

பங்காளித் தீட்டு பத்து நாள். பன்னிரண்டில் தொடங்கினால் இருபத்தொன்றில் முடிகிறது. திருவிழா இருபது. ஒரே ஒரு நாள்! வேறு எந்த அண்ணனாவது இப்படிச் செய்வானா? உயிரோடு இருந்தபோது தண்டைத் தொடாதே என்றார். போன பிறகும் அதையேதான் சொல்கிறார்.

ஜெயசீலன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். அவனிடம் சொல்லிப் பார்த்தேன்.

“எங்கள்ல தீட்டெல்லாம் கெடையாது அண்ணாச்சி. ஒங்க இஷ்டம். இங்க யாரு கேக்கப்போறா?”

“யாருக்கும் தெரியாதுல்ல?”

“நான் மூச்சு விட மாட்டேன்.”

“அந்தப் பெட்டிக்குள்ள ஒருத்தர் இருக்காரே.”

“அவருக்குத் தமிழ் தெரியாது அண்ணாச்சி.”

வழக்கமாக நான் சொல்ல வேண்டியதை அவன் சொல்கிறான். சிரிப்பு வரவில்லை.

வேறு சாமிதானே. வேறு தேசம், வேறு வழக்கம். நம் தீட்டு கடல் தாண்டி வருமா என்ன? அண்ணன் கணக்குப்படி நானே கடல் தாண்டியதில் கெட்டுப்போனவன். கெட்டவனுக்கு என்ன தீட்டு? தூக்கினால் என்ன? ஐம்பது அடிதானே.

வீடியோவை யாருக்கு அனுப்புவது என்பது பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

செப்டம்பர் 15, செவ்வாய்

அரிசி வாங்கத்தான் போனேன். நாலு நாளைக்கு அரிசி கடையில் இருந்தது, ஆனாலும் திருவிழா நேரத்தில் தட்டுப்பாடு வரலாம்.

ஜெயசீலனைக் கூட்டிப் போகவில்லை. மிட்சுகோ தராசில் அரிசி கொட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு அவர்கள் வார்த்தை எனக்குத் தெரியும். செத்துப்போவதற்கும் தெரியும், டிவியில் அடிக்கடி வருகிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அரிசி கொட்டுகிற சத்தம் நின்றது.

பிறகு அவள் என் தோளைப் பார்த்தாள். முகத்தை இல்லை, தோளை.

“தமே” என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். “நானா வந்து சொல்லலேன்னா ஒனக்கு எப்படித் தெரியும்?” என்று தமிழில் கேட்டேன். அவள் ஜப்பானில் ஏதோ சொன்னாள். ஐந்து விரலைக் காட்டினாள், பிறகு விரல்களைச் சேர்த்து ஒரு வட்டம் காட்டினாள். ஐம்பது. கோயில் பக்கம் கையைக் காட்டி மறுத்துத் தலையசைத்தாள். ஐம்பது நாள் அந்தச் சிவப்புத் தூணுக்குள் நுழையக் கூடாதாம்.

“எங்க ஊர்லயே பத்து நாள்தாம்மா! பத்தாம் நாள் தலைக்கு ஊத்திக்கிட்டா முடிஞ்சுது. நீ அம்பதாக்கிட்டியே!”

அவளும் குரலை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன். அவள் பாஷையில் அவளும் என் பாஷையில் நானும் தராசுக்கு இரண்டு பக்கமும் நின்று நன்றாகச் சண்டை போட்டோம். மூன்று வாரம் குலுங்கினேன், அரை நிஜார் போட்டேன், பிணம் தூக்குகிறவன் என்று பேச்சு வாங்கினேன், எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டதையும் சொன்னேன் போலிருக்கிறது. எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவளுக்கா புரியப்போகிறது.

நான் நிறுத்தியபோது அவளும் நிறுத்தினாள். அரிசிப் பையைக் கட்டிக் கொடுத்தாள். காசு வாங்க மறந்துவிட்டாள். நாளைக்குக் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 16, புதன்

கடை திறக்கும் முன் மிட்சுகோ வந்தாள். கையில் ஒரு வெள்ளைத் தாள், ஒட்டுகிற டேப். கல்லாவுக்கு மேலே இருக்கும் எங்கள் ஊர்ப் பெருமாள் படத்தைக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டாள். ஜெயசீலன் சொன்னான்.

“சாவு விழுந்த வீட்டுல சாமி மாடத்தை வெள்ளத் தாளு போட்டு மூடணுமாம். அதை வீட்டாளு செய்யக் கூடாதாம், வெளியாளுதான் வந்து செய்யணுமாம். நானும் வீட்டாளு கணக்காம், ஒங்களுக்கு இங்க வேற வெளியாளு யாரும் இல்லைல்ல, அதான் வந்திருக்காங்க. செய்யட்டுமான்னு கேக்காங்க.”

எங்கள் வீட்டிலும் இப்போது விளக்கு ஏற்றியிருக்க மாட்டார்கள். சாமி அறைக் கதவைச் சாத்தியிருப்பார்கள். சரி என்றேன்.

அவளுக்கு எட்டவில்லை. நாற்காலி போட்டு ஏறினாள். நான் டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன். தாளை ஒட்டிவிட்டு இறங்கி, அதற்கு முன்னால் கை தட்டாமல் குனிந்தாள்.

“இவங்க வீட்டுக்காரர் போனது போன தடவைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாலயாம். அன்னைக்கு இவங்க கடைக்குள்ளயே இருந்தாங்களாம். சத்தம் மட்டும் கேட்டுச்சாம்.”

இத்தனை வருஷம் அரிசி வாங்குகிறேன், அவள் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு தடவை கேட்டதில்லை. தராசு முள்ளைப் பற்றித்தான் கேலி செய்திருக்கிறேன்.

அரிசிக் காசு கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 17, வியாழன்

சௌரி பேசினான். காரியத்துக்கு வாங்க வேண்டியதைப் பற்றி ரொம்ப நேரம். கடைசியில், “சித்தப்பா, ஒண்ணு சொல்லணும்” என்றான்.

“சொல்லு.”

“புரட்டாசிப் புறப்பாட்டுக்கு ஒங்களை வரச் சொல்லத்தான் அப்பா கூப்பிட்டாங்க. முட்டி போயிடுச்சு, என்னால இனிமே முடியாது, முன் தண்டு சாரங்கனுக்குன்னு கோயில்ல போய்ச் சொல்லிட்டு வந்துட்டாங்க. கடல் தாண்டினவராச்சேன்னு அங்க ஒருத்தர் கேட்டாரு.”

“அதுக்கு?”

“பெருமாளே கடல்லதான்யா படுத்திருக்காருன்னாங்க. எல்லாரும் சிரிச்சுட்டாங்க சித்தப்பா. அப்பாவும் சிரிச்சாங்க.”

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

வெங்காயம் நிறைய உரித்தேன். அடுத்த வாரத்துக்கும் சேர்த்து.

செப்டம்பர் 18, வெள்ளி

அரை நிஜாரைத் துவைத்து, மடித்து, அரிசிக்கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 19, சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. துளசி போட முடியாது. பெருமாள் தாளுக்குப் பின்னால் இருக்கிறார். மேளம் தெருக்கோடி வரை கேட்கிறது. நாளைக்குக் கடையைச் சாத்திவிடலாமா என்று ஜெயசீலனைக் கேட்டேன். திருவிழா அன்றுதான் வியாபாரமே என்றான். எனக்கு எரிச்சலாக இருந்தது. எதைப் பார்த்தாலும் எரிச்சலாக இருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் தோசை மொறுமொறு என்று இல்லை என்றார். நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள் என்று கரண்டியை நீட்டினேன். அவர் தமிழ் புரியாமல் கரண்டியை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.

செப்டம்பர் 20, ஞாயிறு

பத்து மணிக்குச் சாமி கோயிலை விட்டுக் கிளம்பியது. நான் பார்க்கக் கூடாது என்று தோசைக்கல் பக்கத்திலேயே நின்றேன். வஷ்ஷோய் சத்தம் கிட்ட வரவர, கல்லில் இருந்த தோசை கருகியது. அதை எடுத்துப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். கோயிலுக்குள்தானே போகக் கூடாது, என் கடை வாசலில் நான் நிற்கலாம். பந்தலுக்குக் கீழே, கம்பி ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

ஜெயசீலன் போனை எடுத்துக்கொண்டு வந்தான். “வீடியோ எடுக்கட்டா அண்ணாச்சி?”

“யாருக்கு?”

போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

சின்னக் கோயிலையே பெயர்த்துத் தண்டில் கட்டிய மாதிரி இருந்தது பல்லக்கு. உச்சியில் தங்க நிறத்தில் ஒரு பறவை. நாலு மூலையிலும் மணி. பூக்கடை வாசலில் அந்தப் பறவை கூரை உயரத்துக்குத் துள்ளியது. மணியெல்லாம் பிய்ந்து விழுகிற மாதிரி ஆடியது. பையன்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். மிட்சுகோ முன்னால், பல்லக்கைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து வந்தாள். கையில் அந்த மரக்கட்டைகள்.

எங்கள் கடை எல்லையில் கட்டையை ஒரு தடவை தட்டினாள்.

சத்தம் நின்றது. குலுக்கல் நின்றது. மணிகள் ஒவ்வொன்றாக அடங்கின. முன் தண்டில் சுகியாமா, குதிகாலை முதலில் ஊன்றினார். முழங்காலைத் தளர விட்டார். பின்னால் பையன்கள் நாலு பேரும் அப்படியே. மெதுவாக. பறவை அசையவில்லை. மூன்றாவது பையன் மட்டும் இரண்டு தடவை கால் மாற்றி வைத்தான். அவனுக்கு அன்றைக்கே சொன்னேன், கேட்டால்தானே. ஆனால் சமாளித்துக்கொண்டான். தெருவில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை, செருப்புத் தேய்கிற சத்தம் மட்டும். கிண்ணம் வைத்திருந்தால் சிந்தியிருக்காது.

மிட்சுகோ என் பக்கம் திரும்பவில்லை.

வாசல் எல்லை தாண்டியதும் கட்டையை மறுபடி தட்டினாள். குலுக்கல், கத்தல், மணி எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. சாமி தெருமுனை திரும்பி மறைந்தது.

அப்போதுதான் கவனித்தேன். பந்தல் கம்பி என் வலது தோள் மேல் இருந்தது. கொக்கி கழன்றிருந்தது. எப்போது தோளைக் கொடுத்தேன் என்று தெரியவில்லை. இறக்கினால் கம்பி, துணி எல்லாம் ஜன்னல் கண்ணாடி மேல் விழும். ஜெயசீலன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏணியைத் தேடினான். ஏணி அரிசிக்கடையில் இருந்தது. அரிசிக்கடை பூட்டியிருந்தது. மிட்சுகோ-சான் சாமியோடு போயிருந்தாள்.

சாமி ஊர் சுற்றித் திரும்பி, அவள் கடையைத் திறந்து ஏணி கொடுக்க நாலு மணி ஆகிவிட்டது. அதுவரை தோள் மாற்றவில்லை. மாவு புளித்துவிட்டது.